கணையப் புற்றுநோய்க்கு "இம்யூனோ போடலாம்" என்று சொன்னால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், காலை பத்து மணி இருக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "மேடம், சாருக்கு அஞ்சாவது டோஸ் பெண்டிங்ல இருக்கு, இந்த மாசத்துக்குள்ள கட்டினா பத்து பர்சென்ட் குறைச்சுத் தர்றோம்" என்றது ஒரு பெண் குரல். அப்பா இறந்து பதினேழு நாள் ஆச்சுங்க என்றேன். "சாரி மேடம், சிஸ்டத்துல அப்டேட் ஆகல" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தப் பெண் சொன்ன டோஸ், கணையப் புற்றுநோய்க்காக அப்பாவுக்குப் போட்ட இம்யூனோதெரபி மருந்து, சுருக்கமாக இம்யூனோ என்பார்கள், உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டிவிடும் சிகிச்சை. அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. மூன்று மாதம் கழித்து இப்போதுதான் எழுத முடிகிறது.

ஆஸ்பத்திரியின் பெயரைப் போடவில்லை. மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்திருக்கிறோம், அது முடியும்வரை பொதுவெளியில் பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். இன்பாக்ஸில் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பெயர் தெரியாமலே இந்தப் பதிவு உங்களுக்கு உதவும்.

அப்பா ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் முப்பத்தோரு வருஷம் கணக்கு எழுதியவர். போன வருஷம் வைகாசியில் கண் மஞ்சளானது. எல்லா வீட்டிலும் நடப்பதுதான் எங்கள் வீட்டிலும் நடந்தது, மஞ்சள் காமாலை என்று மூன்று வாரம் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தோம். உடம்பெல்லாம் அரிப்பு, சாப்பாடு இறங்கவில்லை, ஒன்பது கிலோ குறைந்துவிட்டார். அப்புறம் ஸ்கேன் எடுத்தால் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி, அது பித்தக்குழாயை அடைத்திருக்கிறது, ஈரலில் நாலைந்து புள்ளிகள். வாய் வழியாகக் குழாய் விட்டு ஸ்டென்ட் வைத்தார்கள், மஞ்சள் இறங்கியது. பயாப்ஸியில் கேன்சர் என்று வந்தது. நாலாவது ஸ்டேஜ்.

டாக்டர் அறைக்குள் போவதற்கு முன்னால் அண்ணனும் நானும் செய்த ஒரு காரியத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டு, "டாக்டர், அவர்கிட்ட எதுவும் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டார்" என்று கேட்டுக்கொண்டோம். டாக்டர் உடனே ஒப்புக்கொண்டார். அப்பாவிடம் சொல்லாதீர்கள் என்றுதான் நாங்கள் கேட்டோம். அவர் எங்களிடமும் சொல்லவில்லை. "ட்ரீட்மெண்ட் இருக்கு, பாசிட்டிவா இருங்க, நல்லா ரெஸ்பான்ஸ் பண்றவங்களை நான் பார்த்திருக்கேன்" என்றார். நான்கு நிமிடம். "குணமாகிடுமா டாக்டர்?" என்று அண்ணன் கேட்டதற்கு, "முதல்ல மூணு சைக்கிள் போகட்டும்" என்றார், மூன்று சுற்று கீமோ என்று அர்த்தம். அது பதிலே இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை, ஏதோ நல்ல வார்த்தை சொன்னார் என்ற நிம்மதியோடு வெளியே வந்தேன்.

ஜெம்சிடபின், நாப்-பாக்லிடாக்சல் என்ற இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கீமோ தொடங்கினார்கள். இந்த நோய்க்கு அது முறையான மருந்துதான், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 2013-ல் வெளிவந்த பெரிய ஆய்வில், ஜெம்சிடபின் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 6.7 மாதம், இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 8.5 மாதம். அதாவது சேர்த்துக் கொடுத்தாலும் பாதிப் பேர் எட்டரை மாதத்தைத் தாண்டவில்லை. இந்த இரண்டு எண்களை அன்றைக்கே எங்களிடம் சொல்லியிருந்தாலும் அப்பா கீமோ எடுத்துக்கொண்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த எட்டு மாதத்தை வேறு மாதிரி வாழ்ந்திருப்பார். நாங்களும்தான்.

ஒவ்வொரு தடவை போகும்போதும் கட்டி ஏறுகிறதா இறங்குகிறதா என்று கணிக்க எடுக்கும் சி.ஏ. 19-9 என்ற ரத்தப் பரிசோதனை எண்ணைப் பற்றியே பேச்சு. "நம்பர் இறங்கியிருக்கு, குட்" என்பார், அதைக் கேட்டுவிட்டுத் திரும்பும் வழியில் அம்மா கோயிலில் இறங்கி விளக்குப் போடுவாள். அப்பாவோ காரின் பின்சீட்டில் முழங்காலை மார்போடு சேர்த்துச் சுருண்டு கிடப்பார், கணையக் கட்டியின் வலி முதுகுக்குப் போகும், மல்லாந்து படுக்கவே முடியாது. வலிக்கு ட்ரமடால் மாத்திரை தவிர வேறெதுவும் எழுதவில்லை. மார்ஃபின் பற்றி டியூட்டி டாக்டரிடம் ஒரு தடவை கேட்டேன். "அதெல்லாம் கடைசி ஸ்டேஜ்லதான்" என்றார்.

புரட்டாசியில் ஸ்கேன் எடுத்தபோது ஈரலில் புள்ளிகள் பெருகியிருந்தன. அன்றைக்கு டாக்டர் ஒரு நிமிடம்தான் பேசினார். "இம்யூனோ ட்ரை பண்ணலாம், கோஆர்டினேட்டர் எக்ஸ்ப்ளெய்ன் பண்ணுவாங்க" என்று பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டார். அந்த அறையில் இருந்தவர் டாக்டர் இல்லை. பளபளவென்று ஒரு மடிப்புத்தாளை விரித்துவைத்து, இது நோபல் பரிசு வாங்கின மருந்து, முடி கொட்டாது, வாந்தி வராது, உடம்பே கேன்சரோடு சண்டை போடும், எண்பது வயதுக்காரர் ஒருவர் போட்டுக்கொண்டு வாக்கிங் போகிறார் என்று முக்கால் மணி நேரம் பேசினார். அதுவரை எங்களுக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கி யாரும் பேசியதில்லை. நிவோலுமாப் என்ற மருந்து, பதினான்கு நாளுக்கு ஒரு தடவை, ஒரு தடவைக்கு இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. முதலமைச்சர் காப்பீட்டில் வராது, கையிலிருந்துதான் கட்ட வேண்டும் என்றார்கள். கேணிக்கு மேற்கே இருந்த நாற்பது சென்ட்டை அவசரத்தில் வந்த விலைக்கு அண்ணன் விற்றான். நான்கு பக்க ஒப்புதல் படிவம், முழுக்க ஆங்கிலம், பில்லிங் கவுண்டரில் நின்றபடி கையெழுத்துப் போட்டேன். எதில் கையெழுத்துப் போடுகிறேன் என்று யாரும் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நோபல் பரிசு பொய் இல்லை. 2018-ல் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் இந்த வகை சிகிச்சைக்கு அடிப்படையான கண்டுபிடிப்புக்காகக் கொடுத்தார்கள். மெலனோமா என்ற தோல் புற்றுநோயிலும் சில நுரையீரல் புற்றுநோய்களிலும் இந்த மருந்துகள் உண்மையிலேயே ஆளை எழுப்பி உட்கார வைத்திருக்கின்றன. ஆனால் கணையப் புற்றுநோயில் பெரும்பாலானவர்களுக்கு இவை வேலை செய்வதில்லை. விதிவிலக்காக, கட்டியில் எம்.எஸ்.ஐ. என்ற மரபணுக் கோளாறு அதிகமாக இருப்பவர்களுக்குப் பலன் கிடைக்கலாம், கணையப் புற்றுநோயாளிகளில் அப்படிப்பட்டவர்கள் நூறில் ஒருவர் அளவுக்குத்தான். அந்த ஒருவரா நம் ஆள் என்று தெரிந்துகொள்ள, பயாப்ஸி எடுத்த அதே சதைத் துணுக்கிலேயே பரிசோதிக்கலாம். மருந்தின் ஒரு டோஸ் விலையோடு ஒப்பிட்டால் பரிசோதனைச் செலவு ஒன்றுமேயில்லை.

அந்தப் பரிசோதனையை அப்பாவுக்குச் செய்யவேயில்லை. நான்கு டோஸ் போட்டுவிட்டார்கள்.

இதை எங்களுக்குச் சொன்னவர் வேறோர் ஊரில் அரசு மருத்துவமனையில் வலி நிவாரண வெளிநோயாளர் பிரிவில் இருக்கும் ஒரு டாக்டரம்மா. நான்காவது டோஸுக்குப் பிறகு அப்பா பகலெல்லாம் படுக்கையிலேயே கிடந்தார், வயிற்றில் நீர் கோத்துவிட்டது, வலியில் இரவெல்லாம் முனகல். கூட வேலை பார்க்கும் ஒருவர் சொல்லி, வலிக்காவது மருந்து வாங்கலாம் என்று கார்த்திகை நடுவில் அங்கே கூட்டிப்போனோம். அவர் ஃபைலை முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை பொறுமையாகப் புரட்டினார். "எம்.எஸ்.ஐ. ரிப்போர்ட் எங்கம்மா?" என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இன்னொன்றும் சொன்னார், பகலில் பாதி நேரத்துக்கு மேல் படுக்கையில் கிடக்கிற நிலைக்கு வந்துவிட்டவர்களுக்கு இந்த மாதிரி மருந்துகளால் நன்மையைவிடத் தொல்லைதான் அதிகம் என்று. நான்காவது டோஸ் அன்று அப்பாவை ஸ்ட்ரெச்சரில்தான் கொண்டுபோயிருந்தோம்.

பிறகு எங்கள் பக்கம் திரும்பாமல் அப்பாவின் பக்கம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, உங்களுக்கு என்ன நோய்னு யாராவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலம்மா. கீமோ வார்டுன்னு வாசல்ல போர்டு எழுதியிருக்கே, எனக்குப் படிக்கத் தெரியும்."

எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும் போலிருந்தது. ஐந்து மாதமாக அவருக்கு முன்னால் நாங்கள் அல்சர் என்று சொல்லிக்கொண்டிருந்தோம், அவரும் எங்களுக்காக ஆமாம் அல்சர்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க? எல்லாமா, கொஞ்சமா?"

"எல்லாத்தையும் சொல்லுங்க."

சொன்னார். சுற்றிவளைக்காமல், அதே சமயம் கையைப் பிடித்துக்கொண்டு. இந்த நோய் போகாது, இனி கீமோவோ ஊசியோ போட்டால் உடம்பு தாங்காது, ஆனால் வலியை முக்கால்வாசி குறைத்துவிட முடியும், அதற்கு நான் பொறுப்பு என்றார். தைப்பொங்கலுக்கு இருப்பேனா என்று அப்பா கேட்டார். "சந்தேகம்தான் ஐயா" என்றார் அவர். அப்பா கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம், "பாப்பா, நிலத்தை வித்தாச்சா?" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

மார்ஃபின் மாத்திரையும் அதனால் வரும் மலச்சிக்கலுக்கு ஒரு மருந்தும் எழுதிக் கொடுத்தார். அன்றிரவு அப்பா ஆறு மணி நேரம் தொடர்ச்சியாகத் தூங்கினார். மூச்சு இருக்கிறதா என்று அம்மா இரண்டு தடவை எழுந்து பார்த்தாள். இந்த மாத்திரை ஒன்றும் பெரிய விலையில்லை. அடிமையாகிவிடுவார்கள், கடைசியில்தான் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் பழைய பயம். புற்றுநோய் வலிக்கு மார்ஃபினை மருத்துவர் அளவு பார்த்துக் கொடுத்தால் எந்தக் கட்டத்திலும் கொடுக்கலாம். 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி மருத்துவமனைகள் அதை வாங்கி வைக்கும் நடைமுறையையும் எளிதாக்கினார்கள். அவ்வளவு வசதியுள்ள அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் அப்பா ஏன் ஐந்து மாதம் சுருண்டு கிடந்தார் என்ற கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் இல்லை.

அப்பா அதற்குப் பிறகு முப்பத்திரண்டு நாள் இருந்தார். பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அத்தையை வரச்சொல்லிப் பேசினார். யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும் என்று நோட்டில் எழுத வைத்தார், கூட்டலை அவரே சரிபார்த்தார். மார்கழி மாதம் வீட்டில்தான் இறந்தார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்த்தார், 2021-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் இந்த மாதிரி படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி நிவாரணப் பராமரிப்பும் உண்டு என்பது பலருக்குத் தெரியவில்லை, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பழைய ஆஸ்பத்திரியில் முழு ஃபைலின் நகலைக் கேட்டேன். அலைக்கழித்தார்கள். எழுத்து மூலமாகக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ம் வருஷ மருத்துவக் கவுன்சில் நெறிமுறை விதிகளில் இருக்கிறது, அதைக் குறிப்பிட்டு வக்கீல் ஒரு கடிதம் அனுப்பியதும் கொடுத்தார்கள். அதில் முதல் நாள் தாளில், அந்த நான்கு நிமிடச் சந்திப்பின் தாளில், டாக்டர் கையெழுத்தில் "பாலியேட்டிவ் இன்டென்ட்" என்று எழுதியிருந்தது. குணப்படுத்துவதற்காக அல்ல, நோயின் வேகத்தையும் தொந்தரவையும் குறைப்பதற்காக மட்டும் என்று அர்த்தம். அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது, எழுதியும் வைத்திருக்கிறார். அண்ணன் வாய்விட்டுக் கேட்டபோது சொல்லவில்லை. நோயின் தீவிரத்தை மருத்துவர் கூட்டியும் சொல்லக்கூடாது, குறைத்தும் சொல்லக்கூடாது என்று அதே 2002 விதிகளில் இருக்கிறது.

எங்களுக்கு மட்டும் நடந்தது என்று நினைத்திருந்தேன். 2012-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தவர்களில் 69 சதவீதம் பேருக்கும் பெருங்குடல் புற்றுநோய்க்கு எடுத்தவர்களில் 81 சதவீதம் பேருக்கும், அந்தக் கீமோ நோயைக் குணப்படுத்த வாய்ப்பில்லை என்பது புரிந்திருக்கவில்லை. அங்கேயே அப்படியென்றால், டாக்டர் முன்னால் உட்காரவே தயங்குகிற நம் ஊரில் எப்படியிருக்கும்?

அதனால் உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி என்றால், "குணமாகுமா" என்று கேட்காதீர்கள், அதற்கு நழுவலாகத்தான் பதில் வரும். "இந்த மருந்து குணப்படுத்தவா, நாளைக் கூட்டவா? கூட்டினால் சராசரியாக எத்தனை மாதம்? இதை எடுக்காவிட்டால் என்ன ஆகும்? உங்கள் அப்பாவாக இருந்தால் கொடுப்பீர்களா?" என்று தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள், பதிலை அங்கேயே எழுதுங்கள். இம்யூனோ என்றால், எந்தப் பரிசோதனையின் அடிப்படையில் என்று கேட்டு ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள். டாக்டர் அல்லாத யாரும் மருந்தை விளக்க வந்தால் எழுந்துவிடுங்கள். பணம் கட்டும் முன் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள், முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பயாப்ஸி எடுத்த மெழுகுக் கட்டியை, பிளாக் என்பார்கள், கேட்டால் தருவார்கள், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு இடத்தில் பரிசோதிக்க அது வேண்டும்.

நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டு உள்ளே போகாதீர்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று அவரையே கேளுங்கள்.

கணையப் புற்றுநோய்க்கு எம்.எஸ்.ஐ. பரிசோதனை இல்லாமல் நிவோலுமாப் போடப்பட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், பில், டிஸ்சார்ஜ் சம்மரி, ஒப்புதல் படிவத்தின் நகல் மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். எங்கள் புகாரோடு சேர்த்துக் கொடுக்க வக்கீல் கேட்டிருக்கிறார்.