14416 மனநல உதவி எண்: பாம்பனிலிருந்து பேசிப் பார்த்த அனுபவம்

அக்கா மகளுக்குக் காதுக்குக் கீழே ரெண்டு கன்னமும் புடைத்துக்கொண்டே இருந்தது. பொன்னுக்கு வீங்கி என்று தெருவே முடிவு கட்டி, கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டு, வேப்பிலை அரைத்துப் பூசியாச்சு. பொன்னுக்கு வீங்கி என்றால் கொஞ்ச நாளில் வடிந்துவிடும். இது வடியவில்லை. போதாக்குறைக்குப் பல் கூச்சம், பதநீரைக்கூட வாயில் வைக்க முடியவில்லை. ஒரு கிளினிக்கில் சத்து டானிக் எழுதி, "வயசுப் பிள்ளை, நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

அவள் சாப்பிடாமல் இல்லையே! பகலெல்லாம் பட்டினி, ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு சோற்றுப் பானையும் நகரை மீன் குழம்புச் சட்டியும் காலி, அப்புறம் கொல்லைக் குழாயடியில் வாந்தி. ஆள் மெலியவும் இல்லை. யாருக்குச் சந்தேகம் வரும்?

14416 என்பது அரசின் டெலி மானஸ் மனநல சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. காசு கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். என்னிடம் பேசியவர் எடை எவ்வளவு என்று ஆரம்பிக்கவில்லை. "சாப்பிட்டு முடிச்சதும் பிள்ளை எங்க போறா சார்?" என்றுதான் கேட்டார். புலிமியாவாக இருக்கலாம் என்றார், அதாவது அடக்க முடியாமல் அள்ளிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுத்து வெளியேற்றும் மனநலக் கோளாறு. அடிக்கடி வாந்தி எடுத்தால் எச்சில் சுரப்பி வீங்குமாம், வயிற்று அமிலம் பல்லை அரிக்குமாம். வாந்தி எடுத்த கையோடு பல் துலக்கக் கூடாது, வெறும் தண்ணீரில் கொப்பளித்தால் போதும் என்றும் சொன்னார். இதை எங்களுக்கு யாருமே சொன்னதில்லை.

"திட்டாதீங்க, காவலும் போடாதீங்க. மூணு நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா ஏதாவது சாப்பிட வைங்க. பகல்ல பட்டினி கிடந்தா ராத்திரி அடக்க முடியாது. சாப்பிட்டதும் பக்கத்துல உக்காந்து வேற கதை பேசுங்க." பிறகு பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். போனை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனவள் வெகுநேரம் இறங்கவில்லை. அக்கா படியில் ஏறப் பார்த்தாள், நான் விடவில்லை.

போனில் ரத்தம் எடுக்க முடியாது, அதுதான் குறை. அதை அவர்களே சொல்லி, நேரில் போகச் சொன்னார்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் பார்த்ததில் பொட்டாசியம் குறைவு. அது ரொம்ப இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும் என்று ஈசிஜியும் எடுத்தார்கள். ஏர்வாடியில் கொண்டுபோய் வைங்க என்றவர்களும் உண்டு. தர்காவுக்கு நாங்களும் போகிறவர்கள்தான், ஆனால் பொட்டாசியம் அங்கே ஏறாதே!

இப்போது என்ன சாப்பிட்டாள், அப்போது மனசு எப்படி இருந்தது என்று நோட்டில் எழுதி ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய்ப் பேசுகிறாள். மாசக்கணக்கில் ஆகும் என்றிருக்கிறார்கள். பாலம் தாண்டி பஸ்ஸில் போய்வர அரைநாள் போகிறது.

இந்த 14416 சேவைக்கு அஞ்சுக்கு நாலு மார்க் கொடுப்பேன். கூப்பிடும்போது பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அவளோடும் பேசுவார்கள். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ இருந்தால் மட்டும் போனில் நேரத்தைக் கடத்தாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.