ஒரு பை நிறைய பெட்ரோல் பில்: எங்கள் ஆடிட்டர் ஆபீசுக்கு நாலு நட்சத்திரம்

கோவையில் இன்டீரியர் டெகரேஷன் வேலை செய்கிறேன். ஆபீஸ் ஆர்.எஸ்.புரத்தில், சைட் பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம், திருப்பூர் என்று எங்கே வேண்டுமானாலும் இருக்கும். எனவே சம்பாத்தியத்தில் பெரிய ஓட்டை வண்டிச் செலவுதான். முன்பு என் வருமான வரிக் கணக்கைப் பார்த்தவர் ஒவ்வொரு வருஷமும் 'வண்டிச் செலவு' என்று ஒரு முழு எண்ணைப் போட்டுவிடுவார். எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "எல்லாரும் போடறதுதான் மேடம்" என்பார். பயந்துபோய்த்தான் இந்த ஆபீசுக்கு மாறினேன்.

2024 ஜூலையில் முதல் தடவை போனபோது ஒரு துணிப்பை நிறைய பங்க் பில் கொண்டுபோனேன். அங்கிருந்த ஜூனியர் பையன் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பாதி பில் வெள்ளைத் தாளாகிவிட்டது. அந்த மை ஆறு மாதம்கூடத் தாங்காது போல. "போன்ல கட்டியிருந்தா பேங்க் ஸ்டேட்மென்ட் போதுங்க. ஆனா எந்த சைட்டுக்குப் போனீங்கன்னு எழுதி வச்சிருக்கீங்களா?" என்றான். இல்லை. அன்று வரும் வழியிலேயே ஒரு நோட்டு வாங்கி வண்டியில் போட்டேன். தேதி, எங்கே, யார் சைட், கிளம்பும்போது மீட்டர், திரும்பும்போது மீட்டர். அவ்வளவுதான்.

நவம்பரில் 6,80,000 ரூபாய்க்குக் கார் வாங்கினேன். மார்ச் கடைசியில் மீட்டர் 6,200 கிலோமீட்டர். அதில் நோட்டுப்படி தொழிலுக்கு ஓடியது 4,340, அதாவது 70 சதவீதம். வடவள்ளி வீட்டிலிருந்து ஆபீஸ் போய்வருவது சொந்தக் கணக்கு என்று கறாராகச் சொல்லிவிட்டார் ஆடிட்டர். எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான். தேய்மானம், அதாவது வண்டி பழசாவதற்காகச் செலவில் கழிப்பது, வருஷத்துக்கு 15 சதவீதம். ஆனால் வாங்கிய வருஷம் 180 நாளைக்குக் குறைவாக ஓடிய வண்டிக்குப் பாதிதான். 51,000 வந்தது, அதில் 70 சதவீதம் 35,700. மாதத் தவணை முழுசையும் செலவில் போடலாம் என்று நினைத்திருந்தேன். வட்டி மட்டும்தானாம், அதிலும் அதே 70 சதவீதம். கொச்சிக்குப் போய்வந்த டிராவல்ஸ் வேனுக்கு ஒரே நாளில் ரொக்கமாக 12,500 கொடுத்தது போச்சு. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000-க்கு மேல் ரொக்கம் கொடுத்தால் செலவாக ஏற்க மாட்டார்கள். வேகமாகப் போனதற்குக் கட்டிய அபராதத்தையும் பட்டியலில் சேர்த்திருந்தேன். அதைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

இப்படி எல்லாம் கூட்டி முடித்த பிறகுதான் விஷயமே. வாடகை, உதவியாள் சம்பளம், கார் எல்லாம் சேர்த்து என் செலவு 6,75,000. வரவு 16,40,000. அந்த வருஷக் கணக்குக்கு, வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில், எங்கள் மாதிரித் தொழிலுக்குச் செலவுக் கணக்கு இல்லாமலே வரவில் பாதியை லாபம் என்று காட்டிவிட்டுப் போகலாம். அப்படிப் போனால் வருமானம் 8,20,000. செலவுக் கணக்கு எழுதினால் 9,65,000. அதாவது நான் பொத்திப் பொத்தி வைத்த பில் எல்லாம் எனக்கே நஷ்டம்! கணக்குப் புத்தகம் எழுதச் சொல்லியிருந்தால் அவருக்குக் கூடுதல் ஃபீஸ் கிடைத்திருக்கும். ஆனால் ஒரே தாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டி, "இந்த வருஷம் பாதியிலேயே போயிடலாம்மா" என்றார். என்னிடம் வாங்கியது 4,500 ரூபாய். அந்தத் தாளுக்காகவே நாலு நட்சத்திரமும்.

நோட்டை மட்டும் விடாதே என்றார். இரண்டாவது ஆள் வைத்தால் செலவு பாதியைத் தாண்டலாம். அப்போது லாபத்தைக் குறைத்துக் காட்ட வேண்டுமென்றால் கணக்குப் புத்தகமும் தணிக்கையும் வேண்டும். இன்னொன்று, பாதிக் கணக்கில் போனாலும் காரின் தேய்மானம் கழிந்ததாகவே எடுத்துக்கொள்வார்களாம். அடுத்த வருஷம் பழைய விலையிலிருந்து ஆரம்பிக்க முடியாது. இதைக் கேட்காமலே சொன்னார்.

ஐந்தாவது நட்சத்திரம் ஏன் இல்லை? ஜூலையில் போன் எடுக்கவே மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மூன்றாம் நாள் 'ஓகே' என்று வரும். எதற்கு ஓகே என்று நாம்தான் யோசிக்க வேண்டும். மே மாதமே போய்விடுங்கள். மாடிப்படி செங்குத்து, கீழே கார் நிறுத்த இடம் கிடையாது. நான் ஸ்கூட்டரில்தான் போகிறேன், அதையும் நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.