இசட் புள்ளியா, எஸ்.ஏ.ரி. புள்ளியா?

கொழும்பின் வெள்ளவத்தையில் உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளை இருக்கும் வீட்டில் 1.9, 1350 என்று இரண்டு எண்கள் அடிபடும்: முதலாவது இலங்கைப் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி, மற்றது அமெரிக்கக் கல்லூரிகளுக்கான எஸ்.ஏ.ரி. பரீட்சைப் புள்ளி. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது வீண் வேலை.

இசட் புள்ளி நேரடி மதிப்பெண் அல்ல. ஒரு பாடத்தின் சராசரியிலிருந்து எத்தனை நியம விலகல் (புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியுள்ளன என்ற அளவு) தள்ளி நிற்கிறோம் என்பதை அது காட்டுகிறது. மூன்று பாடங்களுக்கும் கணித்துச் சராசரி எடுக்கிறார்கள். சராசரிக்குக் கீழே போனால் மறை எண்ணும் வரும். கொழும்புப் பிள்ளைக்கு வில்லங்கம் வெட்டுப்புள்ளியில், அதாவது ஒரு துறைக்கு அனுமதி கிடைக்கத் தேவையான குறைந்த புள்ளியில்தான். பெரும்பாலான துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டக் கோட்டாவுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அதனால் வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும்; முல்லைத்தீவில் மருத்துவபீடம் தரக்கூடிய புள்ளி இங்கே கைநழுவலாம். நியாயமா என்பது வேறு வழக்கு.

எஸ்.ஏ.ரி. கணக்கு எளிது: வாசிப்பும் எழுத்தும் 800, கணிதம் 800. மாவட்டம் கிடையாது, பொதுவான சித்திப் புள்ளியும் கிடையாது. சேர்ந்த மாணவரில் நடு 50 வீதத்தினரின் புள்ளி வீச்சைப் பல அமெரிக்கக் கல்லூரிகள் வெளியிடுகின்றன, அதோடு ஒப்பிடுங்கள். சில கல்லூரிகள் இப்புள்ளியைக் கேட்பதே இல்லை, எம்.ஐ.ரி. என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகமோ 2022இல் மீண்டும் கட்டாயமாக்கியது.

பெரிய உதவித்தொகை உறுதியாகாத வீட்டுக்கு, என் கணிப்பில், இசட் புள்ளியே முதல் வேலை.