குழந்தையின் சளிக்கு எந்த டெஸ்ட்: கார்டா, பிசிஆரா, பேனலா?

2025 ஜனவரியில் பெங்களூரில் இரண்டு கைக்குழந்தைகளுக்கு எச்எம்பிவி என்ற சுவாச வைரஸ் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) கண்டறிந்தது. அதற்கப்புறம் அல்சூர், பிரேசர் டவுன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தாலே, "அக்கா, எல்லா வைரஸும் ஒரே டெஸ்ட்ல தெரியுமாமே, அதையே எடுத்துடுங்க" என்கிறார்கள். எச்எம்பிவி 2001-லேயே நெதர்லாந்தில் அடையாளம் காணப்பட்ட வைரஸ்தான். பயம் நியாயம்தான், ஆனால் பெரிய டெஸ்ட் எடுத்தால் பிள்ளை சீக்கிரம் குணமாகிவிடும் என்ற கணக்கு தவறு.

செலவு குறைந்தது ஆன்டிஜன் கார்டு. கால் மணி நேரத்தில் கோடு தெரியும். இன்ஃப்ளூயன்சா (ஃப்ளூ), கைக்குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்எஸ்வி போன்ற சில வைரஸ்களுக்குத்தான் கார்டு உண்டு. சளியில் வைரஸின் புரதம் நிறைய இருந்தால்தான் கோடு விழும். ஃப்ளூ பரவும் பருவத்தில் பாசிட்டிவ் வந்தால் பெரும்பாலும் நம்பலாம். நெகட்டிவை நம்பி "ஃப்ளூ இல்லை" என்று முடிவு கட்டக் கூடாது, தொற்று உள்ளவர்களில் கணிசமானோரைக் கார்டு தவறவிடும்.

பிசிஆர் வைரஸின் மரபணுவைப் பல மடங்காகப் பெருக்கிப் பார்ப்பதால் சிறிதளவு இருந்தாலும் பிடித்துவிடும். இன்ஃப்ளூயன்சா ஏ, பி, ஆர்எஸ்வி, கோவிட் நான்கையும் சேர்த்துப் பார்க்கும் பிசிஆர்தான், டெஸ்ட் தேவை என்று டாக்டர் சொல்லும் பெரும்பாலான குழந்தைகளுக்கு என் தேர்வு. ஃப்ளூ என்று தெரிந்தால் அதற்கான மருந்தான ஓசல்டமிவிர் கொடுக்கலாமா என்று டாக்டர் முடிவெடுக்க முடியும். முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் அதன் பலன் அதிகம்.

இருபது சொச்சம் கிருமிகளை ஒரே ஓட்டத்தில் தேடும் பேனலுக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். ரிப்போர்ட்டில் சாதாரணச் சளி தரும் ரைனோ வைரஸ் என்று வரும், கூடவே இன்னொரு சளி வைரஸான அடினோ வைரஸும் வரலாம். ரைனோ வைரஸ் நன்றாக ஓடியாடும் குழந்தையின் மூக்கிலும் இருக்கும். சளி விட்டு வாரக்கணக்கில் ஆனபின்னும் அதன் மரபணு மிஞ்சியிருக்கும். இரண்டில் எது இன்றைய காய்ச்சலுக்குக் காரணம் என்று பேனல் சொல்லாது. எச்எம்பிவி என்று வந்தாலும் அதற்கென்று தனி மருந்து இல்லை. மூச்சையும் நீர்ச்சத்தையும் கவனித்துக்கொள்வதுதான் வைத்தியம். ஐசியுவில் இருக்கும் குழந்தை, கீமோ எடுக்கும் குழந்தை என்றால் கதை வேறு. அங்கே ஒவ்வொரு பெயரும் டாக்டருக்குத் தேவைப்படலாம். அங்கே செலவைப் பார்க்க வேண்டாம்.

எந்த டெஸ்டாக இருந்தாலும் மாதிரி சரியில்லை என்றால் பணம் வீண். அம்மா மடியில் உட்காரவைத்து, நெற்றியில் கைவைத்து, தலையின் பின்பக்கத்தை அவர் தோளோடு அணைத்துப் பிடிக்கச் சொல்வோம். ஸ்வாப் என்ற மெல்லிய பஞ்சுக் குச்சியை மேல்நோக்கி அல்ல, அண்ணத்துக்கு இணையாக, நாசித்துவாரத்துக்கும் காதுக்கும் இடையிலான தூரத்தில் ஏறக்குறையப் பாதி வரை செலுத்தி, சில நொடி வைத்துச் சுழற்றி எடுப்போம். பிள்ளை வீறிடும், கண்ணில் நீர் வரும். பாவமாக இருக்கிறதென்று மூக்கு நுனியில் தொட்டு எடுத்தால் பிசிஆர்கூட வைரஸைத் தவறவிடலாம். பிசிஆருக்கான மாதிரியை விடிஎம் எனப்படும், வைரஸைக் கெடாமல் காக்கும் திரவக் குழாயில் போட்டு ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும், ஆட்டோவில் வெயிலில் காயவிடக் கூடாது.

அப்புறம் வகை பிரிப்பு. ஆர்எஸ்வி ஏ-யா பி-யா, ஃப்ளூ எச்1என்1-ஆ எச்3என்2-ஆ என்று தெரிவதால் வழக்கமாக உங்கள் பிள்ளையின் மருந்துச் சீட்டு மாறாது. அது ஊரில் எந்த வகை பரவுகிறது என்று கண்காணிப்பதற்கான வேலை. இன்ஃப்ளூயன்சா பி-யின் யமகட்டா கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாகத் தென்படவில்லை என்பது வகை பிரித்துப் பார்த்ததால்தான் தெரிந்தது. அதனால்தான் ஃப்ளூ தடுப்பூசியிலிருந்து அதை விலக்க முடிந்தது. ஆகவே கண்காணிப்புக்காக மாதிரி கேட்டால் மறுக்காதீர்கள். சொந்தக் காசில் வகை பிரிக்கச் சொல்லி டாக்டரை வற்புறுத்தவும் வேண்டாம். படிவத்தில் காய்ச்சல் தொடங்கிய தேதியை மட்டும் சரியாக எழுதுங்கள். காய்ச்சலின் எத்தனையாவது நாளில் மாதிரி எடுத்தது என்று தெரியாமல் டாக்டரால் நெகட்டிவைச் சரியாக எடைபோட முடியாது.