கனமான டெலி லென்ஸுக்கு எந்த ஹெட்: பால், ஃப்ளூயிட், கிம்பல் ஓர் ஒப்பீடு

டிரைபாட் வாங்கப் போனால் நாம் முதலில் பார்ப்பது கால்களைத்தான். கார்பனா அலுமினியமா, எத்தனை மடிப்பு, எவ்வளவு உயரம் என்று கணக்குப் போட்டுவிட்டு, கேமராவையோ லென்ஸையோ தாங்கித் திருப்பும் மேல்பகுதியான ஹெட்டைக் கடைசியில் கைக்கு வந்ததை எடுத்துக்கொள்வோம். 100 மி.மீ. லென்ஸுக்கு அது போதும். தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டும் டெலி லென்ஸ்களில், 400 மி.மீ.யைத் தாண்டிய பிறகு படம் கிடைக்குமா கிடைக்காதா என்பது பெரும்பாலும் ஹெட்டின் கையில்தான் இருக்கிறது. பால் ஹெட் (ஓர் உருண்டையின் மேல் சுழல்வது), ஃப்ளூயிட் ஹெட் (எண்ணெய்த் தடையோடு திரும்பும் வீடியோ ஹெட்) இரண்டிலும் லென்ஸை ஏற்றிப் பார்த்துவிட்டு நான் கிம்பல் ஹெட்டில் வந்து நின்றவன். நான் எடுப்பது பறவைகள், அதுவும் புகைப்படம்தான், வீடியோ எப்போதாவது. அதனால் இந்த அலசல் கிம்பல் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். (போனுக்கும் சிறிய கேமராவுக்கும் வரும் மோட்டார் வைத்த கிம்பல் வேறு. இங்கே பேசுவது மோட்டாரோ பேட்டரியோ இல்லாத, வெறும் உலோகக் கை.)

"இப்போது லென்ஸ்கள் எல்லாம் எடை குறைந்துவிட்டனவே, டிரைபாட் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். கேனனின் 600 மி.மீ. எஃப்/4 ஐஎஸ் லென்ஸ் முதல் பதிப்பில் 5.36 கிலோ இருந்தது. இரண்டாம் பதிப்பில் 3.92 ஆகி, மூன்றாம் பதிப்பில் 3.05 கிலோவுக்கு வந்துவிட்டது. சோனியின் 600 மி.மீ. ஜிஎம்மும் ஏறக்குறைய அதே எடைதான். பறந்து போகும் பறவையைக் கையில் பிடித்தே எடுத்துவிடலாம். ஆனால் பறவை வேலையில் பறப்பது கொஞ்ச நேரம், காத்திருப்பது நெடுநேரம். நிக்கான் இசட்9 கேமராவும் இசட் 600 மி.மீ. எஃப்/4 லென்ஸும் சேர்ந்தால் 4.6 கிலோ. கிளையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கும் மீன்கொத்தி எப்போது பாயும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை 4.6 கிலோவைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்திருக்க முடியாது. அது பாயும் நொடியில் லென்ஸ் பெரும்பாலும் மடியில்தான் இருக்கும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. முழு ஃபிரேம் கேமராவில் 600 மி.மீ. லென்ஸ் கிடைமட்டமாகப் பார்ப்பது சுமார் 3.4 டிகிரி மட்டும். 45 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சலின் பங்குக்கு வருவது ஒரு டிகிரியில் ஏறத்தாழ 2,400-ல் ஒரு பாகம். ஷட்டரை 1/60-க்கு இறக்கினால் விரல் அழுத்தும் அசைவே படத்தில் தெரிந்துவிடும்.

சரி, ஹெட்டுக்கு வருவோம்.

பால் ஹெட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இயற்கைக் காட்சிக்கும் மேக்ரோவுக்கும் அருமையான பொருள். சின்னது, எடை குறைவு, ஒரே திருகில் எல்லாத் திசையும் பூட்டிக்கொள்ளும். கனமான டெலிக்கு வரும்போது அந்த ஒரே திருகுதான் சிக்கல். லென்ஸின் எடை முழுக்க உருண்டைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. திருகைத் தளர்த்திய மறுகணம் அது ஏதாவது ஒரு பக்கம் சாயப் பார்க்கும். சாயச் சாய இழுப்பும் கூடும். பிடித்துக்கொள்ளவில்லை என்றால் லென்ஸ் ஹூட் டிரைபாட் காலில் போய் மோதும், சில சமயம் டிரைபாடே கவிழும். நல்ல பால் ஹெட்களில் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க வழி இருக்கிறது. ஆனால் லென்ஸ் சாயாத அளவுக்கு இறுக்கினால் பறவையைத் தொடர முடியாது. தொடரும் அளவுக்குத் தளர்த்தினால் லென்ஸைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். 2 கிலோ எடையுள்ள 150-600 ஜூம் வரை சமாளித்துவிடலாம் என்பார்கள். அசையாத பறவைக்குச் சமாளிக்கலாம்தான்.

ஃப்ளூயிட்டா கிம்பலா என்பதுதான் உண்மையான போட்டி. இதில் தாங்கும் எடை, மென்மை, உறுதி என்று பட்டியல் போடுவதைவிட ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் போதும் என்பது என் கருத்து: எல்லாத் திருகையும் தளர்த்திவிட்டுக் கையை எடுத்தால் லென்ஸ் என்ன செய்கிறது?

சரியாகச் சமன் செய்த கிம்பலில் ஒன்றும் செய்யாது. விட்ட இடத்தில் நிற்கும், வானத்தைப் பார்த்து விட்டாலும் தரையைப் பார்த்து விட்டாலும். காரணம் எளிது. கிம்பலின் கை பக்கவாட்டில் கீழிறங்கி லென்ஸைத் தாங்குகிறது. லென்ஸ் மேலும் கீழும் திரும்பும் அச்சு, அதன் எடை மையத்தின் ஊடாகவே போகிறது. அச்சுக்கு மேலேயும் கீழேயும், முன்னாலும் பின்னாலும் எடை சமம் என்றால் விழுவதற்குக் காரணமே இல்லை. எடை என்ன என்பதும் இங்கே கிட்டத்தட்டப் பொருட்டே இல்லை. 5 கிலோ லென்ஸையும் ஒரு விரலால் திருப்பலாம். இப்போது பரவலாகிவிட்ட விம்பர்லி என்ற கிம்பல் ஹெட் 1990-களின் தொடக்கத்தில் வந்தபோது பறவைப் படக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

ஆனால் வாங்கி மாட்டியதும் இது தானாக நடந்துவிடாது. சமன் செய்வதில் இரண்டு படிகள் இருக்கின்றன. பலர் முதல் படியோடு நிறுத்திவிட்டு "கிம்பல் சரியில்லை" என்கிறார்கள். முதல் படி முன்-பின். லென்ஸில் கேமரா, ஹூட், மெமரி கார்டு எல்லாம் போட்டு, படம் எடுக்கப்போகும் நிலையிலேயே ஏற்ற வேண்டும். மேல்-கீழ்த் திருகைத் தளர்த்தினால் மூக்கு இறங்குகிறதா? பிளேட்டை (லென்ஸின் அடியில் மாட்டி ஹெட்டில் பூட்டும் பட்டை) உங்கள் பக்கம் கொஞ்சம் இழுங்கள். கேமரா இறங்குகிறதா? முன்னால் தள்ளுங்கள். கிடைமட்டமாக நின்றதும் பிளேட்டைப் பூட்டிவிடலாம். எல்லோரும் செய்வது இவ்வளவுதான்.

இரண்டாவது படி உயரம். லென்ஸை 40 டிகிரி போல மேலே சாய்த்து மெதுவாக விடுங்கள். சாய்ந்த திசையிலேயே மேலும் போனால் எடை மையம் அச்சுக்கு மேலே இருக்கிறது. லென்ஸைத் தாங்கும் தட்டைக் கீழே இறக்க வேண்டும். ஊஞ்சல் மாதிரி நடுவுக்குத் திரும்பி வந்தால் மையம் கீழே இருக்கிறது. தட்டை ஏற்ற வேண்டும். திரும்பி வருவது பாதுகாப்பாகத்தானே இருக்கிறது என்று சிலர் அப்படியே விட்டுவிடுவார்கள். மரத்தின் உச்சியில் இருக்கும் பறவையை எடுக்கும்போது தெரியும்: நீங்கள் மேலே பிடிக்கப் பிடிக்க லென்ஸ் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும், பிரேமிங் நழுவிக்கொண்டே இருக்கும். தட்டை அரை சென்டிமீட்டர் ஏற்றினால் தீர்ந்துவிடும் விஷயம். ஆகவே உயரத்தை மாற்ற முடியாத கிம்பலை வாங்குவதற்குமுன் ஒருமுறை யோசியுங்கள். லென்ஸைப் பக்கவாட்டில் மாட்டும் வகை மட்டும் விதிவிலக்கு. லென்ஸைச் சுற்றியிருக்கும் வளையமான காலரைத் திருப்பி மாட்டுவதால் மையம் அச்சின் உயரத்துக்கே வந்துவிடும்.

எடை மாறும்போது என்ன ஆகிறது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி உருவத்தைப் பெரிதாக்கும் 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டர் ஏறக்குறைய 200 கிராம். அது கேமராவையும் பின்னால் தள்ளிவிடுகிறது. கனமான கேமராவாக இருந்தால் எடை மையம் ஒன்றரை சென்டிமீட்டர் வரை பின்னுக்குப் போகும். கிம்பலில் பிளேட்டைத் தளர்த்தி அவ்வளவு தூரம் முன்னால் தள்ளினால் முடிந்தது. கன்வர்ட்டர் போட்டால் இங்கே, போடாவிட்டால் அங்கே என்று பிளேட்டில் வெள்ளை மையால் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன். மங்கிய வெளிச்சத்திலும் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். கன்வர்ட்டரை உள்ளேயே வைத்திருக்கும் நிக்கான் இசட் 600 போன்ற லென்ஸ்களுக்கு இந்த வேலையே இல்லை. ஜூம்களில் கொஞ்சம் கவனம் வேண்டும். சோனி 200-600, நிக்கான் இசட் 180-600 இரண்டும் உள்ளுக்குள்ளேயே ஜூம் ஆகின்றன, சமநிலை பெரிதாக மாறாது. டாம்ரான், சிக்மாவின் 150-600, கேனனின் ஆர்எஃப் 200-800 ஆகியவை நீளும் வகை. நீட்டினால் மூக்கு கனக்கும். அதிகம் எடுக்கும் தூரத்தில், பெரும்பாலும் 600-இலேயே, சமன் செய்துவிட்டு, சுருக்கும்போது மட்டும் திருகைக் கொஞ்சம் இறுக்கிக்கொள்வது போதும்.

இதே கேள்வியை ஃப்ளூயிட் ஹெட்டிடம் கேட்போம். அங்கேயும் லென்ஸ் மேலேதான் உட்கார்ந்திருக்கிறது, பால் ஹெட் போலவே. சாயும் இழுப்பை உள்ளே இருக்கும் ஸ்பிரிங் எதிர்த்துப் பிடிக்கிறது. ஸ்பிரிங்கின் பலமும் லென்ஸின் எடையும் பொருந்தினால் ஃப்ளூயிட் ஹெட்டும் விட்ட இடத்தில் நிற்கும். பொருந்தாவிட்டால் ஒன்று மூக்கு கவிழும், இல்லை ஹெட் லென்ஸை நிமிர்த்தப் பார்க்கும். சில ஹெட்களில் இந்தப் பலம் ஒரே அளவாகப் பூட்டப்பட்டிருக்கும். மான்ஃப்ராட்டோ 504ஹெச்டி மாதிரி சிலவற்றில் 0, 2.5, 5, 7.5 கிலோ என்று படிகள் உண்டு. உங்கள் லென்ஸும் கேமராவும் சேர்ந்து 3.7 கிலோ என்றால் எந்தப் படியில் வைப்பது? விலை உயர்ந்த வீடியோ ஹெட்களில் படிகள் நெருக்கமாக இருக்கும், அல்லது படியே இல்லாமல் நகர்த்தலாம். அப்போது இந்தக் குறை மறைந்துவிடும்.

ஃப்ளூயிட் ஹெட் ஜெயிக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். வீடியோ என்றால் பேச்சே இல்லை, ஃப்ளூயிட்தான். ஆரம்பமும் முடிவும் குலுங்காமல் ஒரே வேகத்தில் திருப்ப உள்ளே இருக்கும் எண்ணெயின் தடை உதவுகிறது. சாதாரண கிம்பலில் அந்தத் தடை இல்லை. கை நடுங்கினால் படமும் நடுங்கும். மெதுவாக நடக்கும் நாரை, மேயும் மான் போன்றவற்றைத் தொடரப் புகைப்படத்துக்குமே ஃப்ளூயிட் சுகமானது. பெரிய வீடியோ ஹெட்களோடு எனக்குப் பழக்கம் குறைவு. நாள் முழுக்க வீடியோ எடுப்பவர்கள் இந்தப் பத்தியை மட்டும் நம்பிவிடாமல் அந்த வேலையில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டும் செய்பவர்களுக்காக ஜிட்சோ போன்றவர்கள் ஃப்ளூயிட் கிம்பல் என்று ஒன்று விற்கிறார்கள்: கிம்பலின் வடிவம், உள்ளே எண்ணெய்த் தடை. யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் திடீரென்று கிளம்பும் பறவைக்கு அந்தத் தடையே இடைஞ்சல். கைப்பிடியைப் பிடித்துத் திருப்புவதற்கும் லென்ஸையே நேராகப் பிடித்துத் திருப்புவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கிம்பலில் இடது கையை லென்ஸின் மேல், காலருக்கு நேர் மேலே வைத்து மெல்ல அழுத்தி, கண்ணை வியூஃபைண்டரில் ஒட்டிக்கொண்டால் அந்தக் கையே அதிர்வையும் உறிஞ்சிக்கொள்ளும். 1/60-இல் கூர்மையான படம் கிடைப்பது இப்படித்தான். திருகுகள் அப்போதும் தளர்ந்தே இருக்கும். பறவை பறந்தால் எதையும் அவிழ்க்க வேண்டியதில்லை, தொடர்ந்து திருப்பினால் போதும்.

கிம்பலின் குறைகளில் முதலாவது உருவம். விம்பர்லியின் டபிள்யூஹெச்-200 மட்டும் 1.43 கிலோ, வளைந்த கை என்பதால் பையில் எப்படி வைத்தாலும் எதையாவது குத்தும். இரண்டாவது, காலர் இல்லாத சின்ன லென்ஸுக்கு அது கிட்டத்தட்ட உதவாது. காட்சிப் படமும் எடுப்பீர்கள் என்றால் பால் ஹெட்டையும் சுமக்க வேண்டும், அல்லது பால் ஹெட்டின் பக்கவாட்டுப் பள்ளத்தில் மாட்டும் அரைக் கிம்பலை வைத்துக்கொள்ள வேண்டும். 2 கிலோ ஜூமுக்கு அரைக் கிம்பல் போதும். 600 எஃப்/4-ஐ அதில் ஏற்றும்போது பால் ஹெட்டின் பிடியை நம்பித்தான் எல்லாம் நிற்கிறது. எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

மோனோபாட் (ஒற்றைக் கால்), பீன் பேக் (லென்ஸை மேலே வைக்கும் மணி நிரப்பிய பை) இரண்டும் வேறு சூழலுக்கானவை. நடந்துகொண்டே இருப்பவருக்கும் மைதான ஓரத்தில் நிற்பவருக்கும் மோனோபாட். வண்டி ஜன்னலுக்கும் தரையில் படுத்து எடுப்பதற்கும் பீன் பேக். கிம்பல் வைத்திருப்பவரிடமும் ஒரு பீன் பேக் இருப்பது நல்லது.

ஹெட் எதுவானாலும் பிளேட்டை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். 38 மி.மீ. அகலத்தில் இரு ஓரமும் சாய்வாக வெட்டிய ஆர்க்கா வகைதான் இப்போது பொதுவானது. டாம்ரான் 150-600 ஜி2-வின் காலிலேயே அந்த வெட்டு இருக்கிறது. இல்லாத லென்ஸுக்கு நீளமான பிளேட்டை இரண்டு திருகால் மாட்டுங்கள், ஒற்றைத் திருகு என்றால் சுழன்று தளரும். பிளேட்டின் இரு முனையிலும் வரும் சின்னத் தடுப்புத் திருகுகளைக் கழற்றிப் போடாதீர்கள். கிளாம்ப் தளர்ந்தாலும் லென்ஸ் நழுவி விழாமல் பிடித்துக்கொள்வது அவைதான்.

கால்களில் நடுக்கம்பி இல்லாததாகப் பாருங்கள். அதை உயர்த்தினால் மூன்று காலின் மேல் ஒற்றைக் காலை நிறுத்திய கதையாகிவிடும். தாங்கும் எடை என்று அட்டையில் போட்டிருப்பது அசையாமல் பிடிக்கும் எடையைச் சொல்வதில்லை. மேல் குழாய் 32 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால் நிம்மதி. கடைசியாக, கிம்பல் சீராகத் திரும்ப அதன் அடிப்பாகம் மட்டமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திருப்பத் திருப்ப அடிவானம் சரியும், ஒவ்வொரு முறையும் காலரைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டிவரும். மேடுபள்ளத்தில் மூன்று காலையும் மாற்றி மாற்றி நீட்டிக்கொண்டிருப்பதைவிட, 75 மி.மீ. கிண்ணம் உள்ள கால்களும் அதில் உட்காரும் சமன் தட்டும் நொடியில் வேலையை முடித்துவிடும். வாங்கும்போது அந்தத் தட்டின் மேலே 3/8 அங்குலத் திருகு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிம்பல்கள் பெரும்பாலும் அதில்தான் ஏறும்.