ஓடும் டிஷ்ஷா, நிற்கும் டிஷ்களா? குமரி மாவட்டத்து மாடிக்கு எது பொருந்தும்

மாதச் சந்தா இல்லாமல் கிடைக்கும் சேனல்களை வானத்திலிருந்து நேரடியாகப் பிடிக்க ஆசைப்படுகிறவர் சீக்கிரமே ஒரு கேள்விக்கு வந்துவிடுவார். மோட்டார் வைத்த ஒரே டிஷ் போதுமா, அல்லது ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் தனித்தனி டிஷ் நிறுத்த வேண்டுமா? தக்கலையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் எட்டடி வலை டிஷ் ஒன்று ஆக்சுவேட்டரோடு, அதாவது நீண்டு சுருங்கி டிஷ்ஷைத் திருப்பும் மோட்டார் தண்டோடு, நிற்கிறது. இந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் அதுதான். ஆனாலும் எல்லா வீட்டுக்கும் அதே பதிலைச் சொல்ல மாட்டேன்.

டிடி தமிழும் வேறு சில இலவசச் சேனல்களும் போதும் என்பவருக்கு இந்த அலசலே தேவையில்லை. டிடி ஃப்ரீ டிஷ் 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே நிற்கும் ஜிசாட்-15 வழியாக, சின்ன டிஷ்ஷே போதுமான கே.யு. அலைவரிசையில் வருகிறது. 60 சென்டிமீட்டர் டிஷ் ஒன்றைத் தென்கிழக்கிலிருந்து நன்றாகக் கிழக்கே திருப்பி, ஏறத்தாழ 69 டிகிரி உயரத்தில் வைத்து இறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. எட்டடி டிஷ் வந்த பிறகும் இந்தச் சின்ன டிஷ்ஷை நான் கழற்றவில்லை. மோட்டார் டிஷ் ஒரு நேரத்தில் ஒரு செயற்கைக்கோளைத்தான் பார்க்கும். ஓர் அறையில் செய்தி, இன்னோர் அறையில் பாட்டு என்றால் இரண்டும் ஒரே செயற்கைக்கோளில் இருக்க வேண்டும். வானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அது ஊர்ந்து போய்ச் சேரும்வரை காத்திருக்கவும் வேண்டும். மோட்டாரின் பெரிய குறை இது. வீட்டில் இரண்டு டிவி ஓயாமல் ஓடுகிறது என்றால் நிற்கும் டிஷ்களே நல்லது.

உண்மையான போட்டி, பெரிய டிஷ் தேவைப்படும் சி பேண்ட் அலைவரிசையில்தான். 66 டிகிரியில் இன்டெல்சாட்-17, 68.5-இல் இன்டெல்சாட்-20, 83-இல் ஜிசாட்-30, 93.5-இல் ஜிசாட்-17, அதற்கும் கிழக்கே 100.5-இலும் 105.5-இலும் ஏசியாசாட் செயற்கைக்கோள்கள் என வரிசையாக நிற்கின்றன. கட்டணச் சேனல்களுக்கு நடுவே பூட்டில்லாத சேனல்களும் இவற்றில் சிதறிக் கிடக்கின்றன. அவை ஒரே இடத்தில் நிலைப்பதும் இல்லை. இன்று ஒன்றில் வரும் சேனல் அடுத்த ஆண்டு இன்னொன்றுக்குப் போய்விடும். மோட்டார் இருந்தால் ரிமோட்டிலேயே பின்தொடரலாம். இல்லையென்றால் ஏணி, ஸ்பேனர், மாடி.

ஒரே டிஷ்ஷில் இரண்டு மூன்று எல்.என்.பி. (டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கும் கருவி) பொருத்தும் வழியும் உண்டு. செலவு குறைவுதான். ஆனால் 66-க்கும் 68.5-க்கும் அது உதவாது. எட்டடி டிஷ்ஷின் குவியம் சுமார் 90 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கே 2.5 டிகிரி இடைவெளி என்பது நான்கு சென்டிமீட்டர்தான். சி பேண்ட் எல்.என்.பி.யின் வாய் மட்டுமே அதைவிட அகலம், பிறகு எப்படி இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது? இடைவெளி கூடிய ஜோடிகளுக்கு இந்த வழி பொருந்தும். நடுவிலிருந்து விலக விலகச் சிக்னல் மெலியும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பெரிய டிஷ்ஷாக வாங்க வேண்டும்.

மோட்டார் என்றதும் பலர் பின்வாங்குவது அதை நேராக்குவது கடினம் என்ற பயத்தால்தான். டெல்லியில் அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. நம் மாவட்டத்தில் இல்லை. என் முடிவைத் தீர்மானித்தது இதுதான் என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

நாம் இருப்பது ஏறத்தாழ 8 டிகிரி அட்சரேகையில். செயற்கைக்கோள்கள் நிற்பது பூமத்திய ரேகைக்கு மேலே. அதனால் நம் வானத்தில் அந்த வரிசை கிழக்கிலிருந்து கிளம்பி ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேலாக மேற்கே போகிறது. 83 டிகிரி செயற்கைக்கோள் இங்கே 78 டிகிரி உயரத்திலும் 68.5 டிகிரி செயற்கைக்கோள் 76 டிகிரி உயரத்திலும் இருக்கின்றன. தென்னந்தோப்புக்கு நடுவே உள்ள வீட்டிலும் மேலே திறந்த வானம் இருந்தால் போதும், மரத்தை வெட்ட வேண்டியதில்லை.

இந்த உயரம்தான் நிற்கும் டிஷ்ஷுக்கு வில்லங்கம். 68.5-க்கும் 83-க்கும் இடையே உள்ளது 14.5 டிகிரிதான். ஆனால் திசைகாட்டியில் ஒன்று 227, இன்னொன்று 145, ஏறக்குறைய கால் வட்டம் விலகி நிற்கின்றன. டிஷ் அண்ணாந்து பார்ப்பதால், கம்பத்தில் அதைப் பத்து டிகிரி திருப்பினாலும் பார்வை இரண்டு டிகிரிதான் நகரும். சிக்னல் மீட்டரில் உச்சம் எங்கே என்று தெளிவாகத் தெரியாது. ‘இதுதான்’ என்று இறுக்கிவிட்டு இறங்குவோம். உயர அளவு ஒரு டிகிரி பிசகியிருந்தால் முதல் மழையிலேயே படம் உடையும். ஒவ்வொரு டிஷ்ஷிலும் திசை, உயரம், எல்.என்.பி. திருப்பம் என மூன்றைச் சரிசெய்ய வேண்டும். நான்கு டிஷ் என்றால் பன்னிரண்டு.

மோட்டார் டிஷ்ஷில் இதே உயரம் நமக்குச் சாதகமாகிவிடுகிறது. டிஷ் சுழலும் அச்சு இங்கே கிணற்றுக் கப்பியின் அச்சைப் போல வடக்கு தெற்காக ஏறத்தாழ படுத்தே கிடக்கும். 8 டிகிரி சாய்வுதான். கம்பம் கிழக்கிலோ மேற்கிலோ சற்றுச் சாய்ந்தாலும் மோட்டார் அந்த அளவு கூடுதலாகச் சுழன்று அதை ஈடுகட்டிவிடும். தெற்கு வடக்காகச் சாய்ந்தால் உயரத் திருகிலேயே சரிசெய்துகொள்ளலாம். (அதற்காக ரசமட்டம் பிடிக்காமல் கம்பம் நடச் சொல்லவில்லை.) அச்சுக்கு மேல் டிஷ்ஷுக்குக் கொடுக்க வேண்டிய கூடுதல் சரிவும் இங்கே 1.4 டிகிரிதான். டெல்லியில் அது ஐந்து டிகிரியை நெருங்கும். எல்.என்.பி.யையும் ஒருமுறை திருப்பி வைத்தால் போதும். டிஷ் சுழலும்போது அதுவும் சேர்ந்து சுழன்று பொருந்திக்கொள்ளும்.

மீதமிருப்பது உண்மையான தெற்கு. அதை உச்சியில் உள்ள செயற்கைக்கோளை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அச்சு பல டிகிரி விலகியிருந்தாலும் அங்கே சிக்னல் வரும். ஆகவே வரிசை இப்படி: முதலில் 83-ஐப் பிடித்து அச்சின் சாய்வை மட்டும் சரிசெய்யுங்கள். பிறகு டிஷ்ஷைக் கிழக்குக் கோடிக்கு, 100.5-க்கோ 105.5-க்கோ ஓட்டுங்கள். அங்கே சிக்னல் குறைந்தால் சாய்வைத் தொடாமல் தாங்கியை மட்டும் கம்பத்தில் இம்மி இம்மியாகத் திருப்புங்கள். அடுத்து 66-க்குப் போய்ப் பாருங்கள். இரு கோடியும் நடுவும் ஒத்துப்போனால் இடையில் உள்ளவை தாமாக வந்து நிற்கும். 66-லிருந்து 105.5 வரை டிஷ் சுழல்வது ஏறத்தாழ 46 டிகிரி. சாதாரண ஆக்சுவேட்டருக்கு அது எளிது.

மீட்டரே வேண்டாத ஒரு சோதனையும் இருக்கிறது. மார்ச் 16, 17 வாக்கிலும் செப்டம்பர் 26 வாக்கிலும் சூரியன் நமக்குச் செயற்கைக்கோள்களின் பாதையிலேயே நகர்கிறது. அன்று முற்பகலில் டிஷ்ஷைச் சூரியனை நோக்கி ஓட்டி, எல்.என்.பி.யின் நிழல் டிஷ்ஷின் நடுமையத்தில் விழும்படி நிறுத்துங்கள். மதியமும் பிற்பகலும் மோட்டாரை மட்டும் இயக்கி நிழலைத் திரும்ப மையத்துக்குக் கொண்டுவர முடிந்தால் அச்சு சரியாக அமைந்திருக்கிறது. நிழல் வடக்கிலோ தெற்கிலோ நழுவினால் திசை பிசகியிருக்கிறது. டிஷ்ஷில் விழும் நிழலை மட்டும் பாருங்கள், சூரியனைப் பார்க்காதீர்கள். மற்ற நாட்களில் தெற்கைக் காண நண்பகல் நிழல் உதவும். நம் ஊரில் நண்பகல் 12.20-ஐ ஒட்டி வரும், மாதத்துக்கு ஏற்பக் கால் மணி முன்னும் பின்னும் போகும். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் நிழலே இருக்காது, அந்த நாட்களைத் தவிருங்கள்.

இவ்வளவும் எதற்கு என்றால், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றும் இரண்டு பருவமழையும் உள்ள மாவட்டத்தில் டிஷ்ஷை ஒருமுறை நிறுத்திவிட்டு மறந்துவிட முடியாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. காற்றுக்குப் பிறகு நான்கு டிஷ்களைப் பன்னிரண்டு திருகுகளில் தேடுவதா, ஒரே அச்சை இரண்டு செயற்கைக்கோள்களை வைத்துச் சரிபார்ப்பதா? காங்கிரீட்டில் துளையிட வேண்டிய இடங்களும் குறையும். ஒவ்வொரு துளையும் ஐப்பசி மழையில் ஒழுகக் காத்திருக்கிறது. எதுவானாலும் வலை டிஷ்ஷே வாங்குங்கள். வானத்தை நோக்கி மல்லாந்து கிடக்கும் தகட்டு டிஷ்ஷில் மழைநீரும் சருகும் தேங்கும்.

ஆனால் கடலோரத்துக்கு என் கணக்கு அப்படியே செல்லாது. குளச்சலில் இருக்கும் என் மைத்துனர் அசையாத டிஷ்கள்தான் வைத்திருக்கிறார். “அத்தான், இந்த உப்புக் காற்றுல ஓடுறது எதுவும் நிக்காது” என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆக்சுவேட்டரின் உள்குழாய் துருப்பிடித்தால் மோட்டார் திணறும். அதன் உணர்வி எண்ணிக்கையைத் தவறவிட்டால், மோட்டாரை இயக்கும் பெட்டியான பொசிஷனரில் பதிந்துவைத்த இடங்கள் எல்லாம் ஒரே அளவில் தள்ளிப்போகும். ஒரு செயற்கைக்கோளைப் பிடித்து மீண்டும் ஒத்திசைத்தால் மற்றவை திரும்பிவிடும், ஆனால் துரு திரும்பாது. தக்கலையில் மழைக்கு முன்னும் பின்னும் கிரீஸ் தடவுவது, வடிகால் துளை கீழே பார்த்திருக்கிறதா என்று கவனிப்பது, துருப்பிடிக்காத எஃகு போல்ட் போடுவது ஆகியவை எனக்குப் போதுமாக இருக்கின்றன. முட்டத்திலும் மணவாளக்குறிச்சியிலும் அலைத்துளி படும் மாடிகளில் இது போதுமா என்று உறுதி கூற எனக்கு அனுபவம் இல்லை. அங்கே மைத்துனரின் வழியையே சொல்வேன்.

சின்ன டிஷ்களுக்கான, கம்பத்தில் நேரடியாக மாட்டும் மோட்டாரை நான் பிறர் வீட்டில்தான் கையாண்டிருக்கிறேன். வாங்க நினைப்பவர்கள் பணம் கொடுக்கும் முன் அதன் அட்சரேகை அளவுகோல் 8 டிகிரி வரை இறங்குகிறதா என்று பாருங்கள். நம்மைவிட வடக்கே தள்ளி வாழ்பவர்களை மனதில் வைத்துச் செய்தவை பல, அவற்றின் தாங்கி அவ்வளவு தாழாது.