வேலூர் போர்வெல் நீருக்கு எந்த வாட்டர் லெவல் கன்ட்ரோலர் பொருந்தும்?

மேல்தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் வாட்டர் லெவல் கன்ட்ரோலரை வேலூரில் வாங்க நினைப்பவர்கள், பெட்டியில் எத்தனை விளக்குகள் எரிகின்றன என்று பார்ப்பதற்கு முன், தொட்டிக்குள் இறங்கும் சென்சார் எந்த வகை என்பதைப் பார்க்க வேண்டும். சத்துவாச்சாரி மலையடிவாரத்தில் உள்ள எங்கள் வீட்டில் முதலில் கம்பி வகையும் பின்னர் மிதவை வகையும் பொருத்தப்பட்டன. இரண்டையும் கோடையிலும் மழைக்காலத்திலும் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

இக்கருவி இங்கு ஏன் தேவை என்பதற்கு நம் ஊரின் பாறையே காரணம். பாலாற்றங்கரையை ஒட்டிய பகுதிகளில் மணலும் வண்டலும் நீரைத் தேக்கி வைக்கின்றன. ஆற்றை விட்டு விலகி மலைப்பக்கம் வந்தால், நெய்ஸ், சார்னோகைட் போன்ற கடினப் பாறைகளின் சிதைந்த மேலடுக்கிலும் விரிசல்களிலும் தங்கும் நீரை நம்பியே போர்கள் (ஆழ்துளைக் கிணறுகள்) இருக்கின்றன. ஒரே விரிசலிலிருந்து அக்கம்பக்கத்துப் போர்களுக்கும் நீர் வரக்கூடும் என்பதால், ஒரு வீட்டுத் தொட்டி வழிந்தால் நட்டம் அந்த வீட்டோடு முடிவதில்லை. நிமிடத்திற்கு 30 லிட்டர் ஏற்றும் மோட்டார் கால் மணி நேரம் கூடுதலாக ஓடினால் 450 லிட்டர் வீணாகிறது. நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற குடிநீர் வழங்கல் அளவுகோலின்படி, இது மூன்று பேரின் ஒரு நாள் தேவையை விட அதிகம். வழிந்த நீர் மண்ணுக்குள்தானே போகிறது என்று சொல்பவர்களும் உண்டு. சிமென்ட் போட்ட தெருவில் அது சாக்கடைக்குத்தான் போகிறது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பழைய வட ஆற்காட்டின் நிலத்தடி நீர் கெட்டதை உச்ச நீதிமன்றமே 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எடுத்துச் சொன்னது என்பதை நினைத்தால், கெடாமல் எஞ்சியிருக்கும் ஊற்றை வழியவிட மனம் வருவதில்லை.

முதலில் பொருத்திய கருவியில், துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் வெவ்வேறு உயரங்களில் தொட்டிக்குள் தொங்கின. நீர் கம்பிகளைத் தொடும்போது, அதில் கரைந்துள்ள உப்புகளின் வழியே சிறு மின்னோட்டம் பாய்வதைக் கொண்டு மட்டத்தை அறிவது அதன் முறை. காவிரிக் கூட்டுக் குடிநீர் மட்டும் ஏறும் தொட்டியில் இது நன்றாகவே வேலை செய்யக்கூடும். கடினத்தன்மை மிகுந்த போர் நீரில், சில மாதங்களிலேயே கம்பிகளின் மேல் சுண்ணாம்புப் படிவு வெள்ளைப் பொருக்காக ஏறி, நகத்தால் சுரண்டினாலும் பெயராத அளவுக்கு இறுகிவிட்டது. அந்தப் படிவு மின்னோட்டத்தைத் தடுப்பதால், தளும்பி வழியும் தொட்டியும் கருவிக்குக் காலியாகவே தெரிந்தது. மோட்டாரும் நிற்காமல் ஓடியது. வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் கம்பிகள் மீண்டும் வேலை செய்கின்றன என்றாலும், வயதானவர்கள் மட்டுமே இருக்கும் வீட்டில் யார் மாடியேறி, தொட்டி மூடியைத் திறந்து இதைச் செய்வது? நம் ஊர் நீரின் தன்மையைப் பற்றி விற்ற கடையில் ஒரு வார்த்தையும் சொல்லாதது பெருங்குறை.

இப்போது இருப்பது, கேபிளில் தொங்கும் மிதவை. மூடி முத்திரையிட்ட பிளாஸ்டிக் கூட்டுக்குள் சுவிட்ச் இருப்பதால், நீர் ஏறி மிதவை சாயும்போது மோட்டார் நிற்கிறது. வெளியே உப்பு படிந்தாலும் உள்ளே பாதிப்பில்லை. ஆனால் மிதவை தடையின்றி ஏறி இறங்க இடம் வேண்டும். 500 லிட்டர் தொட்டியில் அது குழாயிலோ சுவரிலோ சிக்கிக்கொள்ளலாம் என்பதால், கேபிளின் நீளத்தைச் சரிபார்த்து, தொட்டியை ஒருமுறை முழுவதும் நிரப்பிக் காட்டும்படி எலக்ட்ரீஷியனிடம் கேட்பது நல்லது.

நீரின்றி மோட்டார் ஓடுவதைத் தடுக்கும் டிரை ரன் வசதியை விற்பனையாளர்கள் மோட்டாருக்கான பாதுகாப்பு என்று மட்டுமே சொல்கிறார்கள். எனக்கோ அதுவே இக்கருவியின் தலையாய பயனாகத் தெரிகிறது. போரில் நீர் இறங்கி மோட்டார் வெறுமனே சுற்றத் தொடங்கும்போது, அது இழுக்கும் மின்னோட்டம் குறைகிறது. அதை உணர்ந்து கருவி மோட்டாரை நிறுத்தி, நாம் குறித்த நேரம் கழித்தே மறுபடியும் ஓட்டுகிறது. பாறை விரிசலில் நீர் மெல்லத்தான் ஊறும் என்பதால், கோடையில் இந்த இடைவெளியை இரண்டு மணி நேரமாக வைத்திருக்கிறோம். அடிக்கடி டிரை ரன் விளக்கு எரிந்தால் ஊற்று தளர்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. துணி அலசிய நீரைக் கழிவறைக்கும், ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் நீரைத் தரை துடைக்கவும் எடுத்து வைப்பது அப்போது யாரும் சொல்லாமலே நடக்கிறது. மோட்டார் முழு அளவில் நீர் தரும்போது மின்னோட்டத்தை அளந்தே, டிரை ரன் வசதி எந்த அளவில் மோட்டாரை நிறுத்த வேண்டும் என்பதைக் குறிக்க வேண்டும். கண்மதிப்பில் குறித்தால், நீர் இருக்கும்போதே மோட்டார் நின்றுவிடும்.

கருவி, மிதவை, பொருத்துக் கூலி எல்லாம் சேர்த்து 5,000 ரூபாய்க்குள் முடிந்தது. மின்தடைக்குப் பிறகு தானாகவே இயங்குவதும், பழுதானால் பழையபடி கையால் இயக்க மாற்றுச் சுவிட்ச் இருப்பதும் திருப்தி தருகின்றன. தமிழில் ஒரு கையேடு கூட இல்லாதது சரியன்று.

எந்தக் கருவியும் ஒருநாள் பழுதாகும் என்பதால், மேல்தொட்டியின் வழிகுழாயை மழைநீர் சேகரிப்புக் குழிக்குத் திருப்பியிருக்கிறோம். 2003-இல் கட்டாயமாக்கப்பட்டபோது தோண்டிய அந்தக் குழியில் மண் அடைத்துக் கிடந்ததால், ஜல்லியை வெளியே எடுத்துக் கழுவிப் போட வேண்டியிருந்தது. கன்ட்ரோலர் பொருத்த ஆள் வரும் நாளிலேயே பிளம்பரையும் அழைத்துவிட்டால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். போர் நீர் ஏறும் தொட்டி என்றால் மிதவை வகையையே கேட்டு வாங்குங்கள். விலை சற்றுக் கூடினாலும் டிரை ரன் வசதி இல்லாததை எடுக்க வேண்டாம்.